பயிர்க்காவல் துப்பாக்கி: சட்டத்தில் உண்டு, சம்சாரி கையில் இல்லை

எட்டாத திராட்சையைப் பார்த்துச் சீச்சீ புளிக்கும் என்று சொல்லிவிட்டுப் போன நரியின் கதை அறியாத பிள்ளை நாட்டில் இல்லை. அந்தக் கதையைக் கட்டியவர் கம்பம் பள்ளத்தாக்கைக் கண்டவரல்லர். கண்டிருந்தால் கதையைத் திருப்பிப் போட்டிருப்பார். உத்தமபாளையம், சின்னமனூர், ராயப்பன்பட்டி, ஓடைப்பட்டி என்று பந்தல் பந்தலாகத் திராட்சை தொங்குகிற இந்த மண்ணில் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு திரும்புவது நரியல்ல, பயிர் வைத்தவன். அவனுக்கு எட்டாத அந்தப் பழத்துக்குத் துப்பாக்கி லைசென்ஸ் என்று பெயர்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, தோழர்களே. லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வாய்க்காலுக்கு மேட்டில் திராட்சை, தென்னை, வாழை, கரும்பு, மக்காச்சோளம், நிலக்கடலை. மேற்கே மலை, அதற்கு அந்தப் பக்கம் இடுக்கி. கிழக்கே மலை, அது மேகமலை. இரண்டு மலைக்கும் நடுவே கிடக்கிற ஒரு கைப்பிடி மண்ணில் மனிதன் பகலெல்லாம் உழைக்கிறான். இருட்டியதும் அந்த உழைப்பைத் தின்ன மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்குகிறது. ஒரு கூட்டம் ஓரிரவு புகுந்து போனால் போதும், காலையில் கடலைக் காட்டைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். தின்றது கால் பங்கு, கிளறிப் போட்டது முக்கால் பங்கு.

இந்தக் காட்டுக்குக் காவல் இருப்பவன் யார்? டவுனில் மாடி வீடு கட்டிக்கொண்டு அறுவடைக்கு மட்டும் கார் ஏறி வருகிற நிலக்காரரா? இல்லை. கூலிக்குக் காவல் இருப்பவன், குத்தகைக்கு உழுகிறவன், விடியுமுன் ஜீப்பில் தொற்றிக் கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்துவிட்டு வந்து, இரவில் தன் அரை ஏக்கருக்குப் பரண்மேல் கண் விழிக்கிறவன். அவனுடைய ஆயுதசாலையை எண்ணிப் பாருங்கள்: ஒரு டார்ச் லைட்டு, ஒரு தகர டின், ஒரு கட்டு வெடி, வரப்பைச் சுற்றிக் கட்டிய பெண்டாட்டியின் பழைய சேலை. பன்றி நாலு நாள் பயப்படும். ஐந்தாம் நாள் சேலையைக் கிழித்துக்கொண்டு வரும்.

இவன் துப்பாக்கி கேட்டால் அது குற்றமா? குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டம் சொல்வதே வேறு. ஆனால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

பெயரிலேயே பாளையத்தைச் சுமந்து நிற்கிற ஊர் உத்தமபாளையம். பாளையம் என்றால் படை தங்கிய இடம். வளரியும் வேல்கம்பும் நாட்டுத் துப்பாக்கியும் புழங்கிய தென்சீமை இது. 1801இல் பாளையக்காரர் போரை நசுக்கிய கும்பெனி கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது. பறித்ததைச் சட்டமாக எழுதி முத்திரை குத்தியது 1878இல். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த அந்த ஓராண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. இன்னொன்று இந்தியன் கையைக் கட்டியது. வாய்க்கட்டை 1882இல் ரிப்பன் பிரபு அவிழ்த்துவிட்டார். கைக்கட்டு வெள்ளையன் போகும்வரை அவிழவில்லை, போன பிறகும் பன்னிரண்டு ஆண்டு அவிழவில்லை! அந்த ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. துரைக்கு லைசென்ஸ் வேண்டாம். துரையின் பூட்ஸைத் துடைக்கிறவனுக்கு வேண்டும்.

விலக்குப் பெற்ற துரைமார் அந்தத் துப்பாக்கியையும் நாயையும் வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். நரி வேட்டை ஆடினார்கள். உதகையில் அதற்கென்றே ஒரு வேட்டைச் சங்கம் இருந்தது. சிவப்புக் கோட்டு, குதிரை, கொம்பூதி, இங்கிலாந்திலிருந்து கப்பலில் இறக்கிய வேட்டை நாய்கள், எல்லாம் உண்டு. இங்கிலாந்துச் செந்நரி மட்டும் இல்லை. அதற்காகச் சும்மா இருப்பார்களா? வென்லாக் சமவெளியில் நம் ஊர் நரியை விரட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள். அந்த இங்கிலாந்திலேயே, இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொருந்துவதாக, நாய்களை ஏவி நரியை வேட்டையாடுவதை 2004இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற நரியைச் சுடுவது மட்டும் அங்கே இன்றும் செல்லும்.

அதே காலத்தில் நம் பக்கத்தில் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதற்குப் பெருங்காமநல்லூர் சாட்சி. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகைச் சட்டத்துக்கு விரல் நீட்ட மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற அந்தக் கொடுமை சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ஒழிந்தது. நம் ஊர்க் கிழவர்கள் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த துப்பாக்கியின் வாய் எப்போதும் அவர்களைப் பார்த்தே இருந்தது.

1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமகனின் உரிமை என்று தீர்மானமே போட்டது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. கட்டுப்பாடு இல்லாத உரிமையாக அதை எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது என்றார். அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். சாதிச் சண்டைக்கு அரிவாளே போதும் என்றிருக்கிற நாட்டில், வீட்டுக்கு ஒரு துப்பாக்கி என்றால் முதலில் விழுகிற பிணம் பன்றியாக இருக்காது.

ஆகவே அமெரிக்காக்காரன் போல ஆளுக்கொரு துப்பாக்கி வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தருவதாகச் சொன்னதைத்தான் கேட்கிறோம். 1962 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிற அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிர்க்காவலுக்காக ஒருவன் மெய்யாகவே வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், மறுப்பதற்குச் சட்டம் சொன்ன காரணம் ஏதும் இல்லாதபோது, லைசென்ஸ் கொடுக்க வேண்டும். கவனியுங்கள்: கொடுக்கலாம் அல்ல, கொடுக்க வேண்டும்! அந்தத் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் அதைவிட மேலான மழுங்குக் குழல் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. 14ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி எவருக்கும் லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று பச்சையாக எழுதி வைத்திருக்கிறது. பாட்டாளிக்காகவே எழுதியது போன்ற அந்த ஒரு வரியை, மனுவைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் படி ஏறிய எத்தனை பேருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

இங்கே துப்பாக்கி வகைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏனென்றால் டீக்கடையில் இது பற்றி நடக்கிற பேச்சில் பாதி சினிமாப் பேச்சு.

ரைபிள் என்பது குழலின் உட்புறம் மரை வெட்டிய துப்பாக்கி. குண்டு சுழன்றுகொண்டு வெளியேறும், நேராகப் போகும், நெடுந்தூரம் போகும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நரி சுடுகிறவர்கள் எந்த ரைபிள், எந்தத் தோட்டா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஆட்டு மந்தை மேயும் ஆளில்லாப் புல்வெளியில் அந்த வாதம் பொருந்தும். நம் பள்ளத்தாக்கில் பொருந்துமா? ரைபிள்களிலேயே சின்னதான பாயிண்ட் 22 ரைபிளின் குண்டுகூட, மேல்நோக்கிச் சுட்டால், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் போய் விழும். இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்கிற பாயிண்ட் 315 ரைபிளுக்கு அது ஒரு தூரமே இல்லை. பன்றிக்கு வைத்த குறி தப்பினால், அந்தக் குண்டு போகிற வழியில் மடை திறக்கப் போனவன் நிற்பான், திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க முன்னிருட்டில் போகிறவன் நிற்பான், கரும்புக் காட்டோரம் கிடை போட்டவன் படுத்திருப்பான். பாயிண்ட் 22 ரைபிளைச் சட்டமும் துப்பாக்கிக் கழக உறுப்பினர் இலக்குப் பார்த்துப் பழகுவதற்கென்று தனியாக வைத்திருக்கிறது. பயிர்க்காவலுக்கு ரைபிள் வேண்டும் என்று எவராவது சொன்னால், அவர் பயிரைப் பற்றிப் பேசவில்லை, பந்தாவைப் பற்றிப் பேசுகிறார்.

மழுங்குக் குழல் துப்பாக்கி அப்படியல்ல. பன்னிரண்டு போர் என்கிறார்களே, ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலுமாக வருகிறதே, அதுதான். ஒரு தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள். முப்பது நாற்பது கஜத்துக்குள் வேலை செய்யும். அதற்குமேல் சிதறி வலுவிழக்கும். தோட்டாவின்மேல் எழுத்தோ எண்ணோ இருக்கும். எல்.ஜி. என்றால் உள்ளே ஆறு பெரிய குண்டு, பன்றி உடம்புக்கு ஏற்றது. 6ஆம் நம்பர் என்றால் கடுகு போலப் பொடிக் குண்டு, பறவைக்கு ஆகும். பொடிக் குண்டைப் பன்றிமேல் போடுகிறவன் பன்றியைக் கொல்வதில்லை. காயம் பட்ட பன்றியை அடுத்த தோட்டக்காரன்மேல் ஏவிவிடுகிறான்.

இவை இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக நிற்பதுதான் சட்டம் சம்சாரிக்கென்று ஒதுக்கிய துப்பாக்கி. போலீஸ் பதிவேட்டு மொழியில் எஸ்.பி.எம்.எல். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு மாட்டி, பிறகு சுட வேண்டும். ஒரு வேட்டு. அடுத்த வேட்டுக்கு மறுபடி முதலிலிருந்து. மார்கழிப் பனியில் மருந்து நமத்துப் போனால் அதுவும் இல்லை. நிலா இல்லாத இரவில் இந்தக் கிரியைகளையெல்லாம் முடிக்கும்வரை பன்றி காத்திருக்குமா? நெப்போலியன் காலத்துப் படைக்கலத்தைச் சம்சாரிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் கொடுக்கவில்லை.

டில்லியில் 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓர் ஆள் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. யாருக்காகத் தெரியுமா? பரம்பரைத் துப்பாக்கி வைத்திருக்கிற பெரிய வீடுகளுக்காக. ஒன்று இரண்டாயிற்று, மசோதா நிறைவேறிற்று. முதல் துப்பாக்கிக்கே வழியில்லாதவனைப் பற்றி அங்கே பேச ஆளில்லை. ஆனால் தண்டனை ஏறியது. லைசென்ஸ் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டுச் சிறை. செய்து விற்றால் 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. கள்ளத் துப்பாக்கிக்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நேர்வழியை அடைத்துவிட்டுக் குறுக்கு வழியில் போகிறவனை மட்டும் பிடிப்பது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

நேர்வழி எங்கே அடைபட்டது? கலெக்டர் ஆபீஸில் மட்டுமல்ல. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவில். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல், புதிய துப்பாக்கி லைசென்ஸ் எதுவும் கொடுக்கக் கூடாது. மேகமலை 2009இல் சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. மேற்கே குமுளிக்கு அந்தப் பக்கம் பெரியாறு காப்பகம். சுருளிப்பட்டிக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் 10 கிலோமீட்டர்! பன்றி எங்கே இறங்குகிறதோ அங்கேதான் துப்பாக்கிக்குத் தடை. பன்றியே வராத ஊரில் இருப்பவனுக்குத் தடை இல்லை. இசைவு தரவேண்டிய அதிகாரி இருப்பது சென்னையில்.

சரி, எப்படியோ லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சுடலாமா? முடியாது. துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் அந்தக் காகிதம். சுடுவதற்கு வனத்துறையின் வேறு காகிதம் வேண்டும். ஆயுத விதிகளில் இந்த லைசென்ஸுக்கான படிவத்தின் தலைப்பே பயிரையும் மாட்டையும் மனிதனையும் தாக்குகிற காட்டு விலங்குகளை அழிப்பதற்கு என்றுதான் இருக்கிறது. வனச் சட்டமோ அழித்தால் சிறை என்கிறது. ஒரே சர்க்காரின் வலக்கை துப்பாக்கியை நீட்டுகிறது, இடக்கை விலங்கை நீட்டுகிறது. தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கியும் கையில் இருக்காது. 2024 மார்ச் 16இல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். ஏப்ரல் 19இல் நாம் ஓட்டுப் போட்டோம். ஜூன் 4இல் எண்ணினார்கள். தேர்தல் நடத்தை விதி என்று ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி இரண்டரை மாதத்துக்கு மேல் அங்கே தூங்கியிருக்கும். பன்றிக்கு நடத்தை விதி கிடையாது.

இனி நரிக்கு வருவோம். பன்றிக்குச் சொன்ன நியாயத்தை நரிக்கும் சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நரி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது இரண்டு பிராணிகள். ஊளையிடுகிறதே, எட்டுப் பத்துக் கிலோ எடையில், அது பெரிய நரி. கடலையைக் கிளறும், கரும்பைக் கடிக்கும், பந்தலடியில் உதிர்ந்த திராட்சையைப் பொறுக்கும், ஏமாந்தால் கோழியைத் தூக்கும். இன்னொன்று குள்ளநரி, சேலம் பக்கத்தில் வங்காநரி என்பார்கள். மூன்று கிலோதான் தேறும். காய்ந்த காட்டில் வளை தோண்டிக் குடியிருக்கும். அதன் சாப்பாட்டைக் கேளுங்கள்: எலி, நண்டு, வெட்டுக்கிளி, வண்டு, கரையான். நெல்லுக்கும் கரும்புக்கும் எலி செய்கிற சேதத்தை அறிந்த எவனும் இந்தக் குள்ளநரியைக் கூலியில்லாக் காவல்காரன் என்பான். எலிக்கு விஷம் வாங்கக் கடைக்குப் போகிற நாம், சும்மா வந்து எலி பிடிக்கிற பிராணியைச் சுடத் தோட்டா தேடுவது விவேகமா?

சுட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022இல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த வனச் சட்டத்தில் பெரிய நரியும் குள்ளநரியும் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில் இருக்கின்றன. கொன்றால் 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டுச் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பயிரைத் தின்றது, கோழியைத் தின்றது என்பதற்காக முதல் அட்டவணைப் பிராணியைச் சுட எந்த அதிகாரியும் அனுமதி தர முடியாது. மனித உயிருக்கு ஆபத்து என்றாலோ, தேற முடியாத நோய், காயம் என்றாலோதான் முடியும். காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கிற பயிருக்குச் சேதம் என்ற காரணத்தால் அதைச் சுட அனுமதி தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் நரியின்மேல் குறி வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனால் வக்கீலும் கைவிரிப்பார்.

நரியைப் பற்றி நம்மவர் வைத்திருக்கிற மூட நம்பிக்கைகளும் அதற்கு எமனாக இருக்கின்றன. நரி முகத்தில் விழித்தால் யோகமாம்! அதற்காக வாழப்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில் பொங்கலுக்குப் பொங்கல் வலை போட்டு வங்காநரியைப் பிடித்துவந்து, கூட்டத்தின் நடுவே ஓடவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் உண்டு. வனத்துறை அபராதம் போடுகிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த பொங்கலுக்கும் பிடிக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். நரிக்கொம்பு என்று ஒன்றைக் காட்டிக் காசு பிடுங்குவது இன்னொரு கூத்து. நரிக்கு ஏது கொம்பு? நரியின் பெயரையே சுமந்து திரிகிற நரிக்குறவர் கதைதான் நெஞ்சைச் சுடுகிறது. வேட்டை அவர்கள் குலத்தொழில். 1972 சட்டம் அதைக் குற்றமாக்கியது. மாற்றுத் தொழிலாக ஊசிமணி, பாசிமணியைத் தவிர வேறொன்றும் கையில் வைக்கப்படவில்லை. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது.

சட்டத்தின் வாசல் அடைபட்டால் மனிதன் எந்த வாசலைத் தட்டுகிறான்? அவுட்டுக்காயைத் தட்டுகிறான். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதித்து வைப்பது. கடித்த வாய் சிதறும். கடிப்பது பன்றிதான் என்று எழுதி ஒட்ட முடியுமா? 2020 ஜூனில் திருச்சி ஜீயபுரம் பக்கத்தில் இறைச்சிக்குள் வைத்த வெடியைக் கடித்து ஒரு நரி வாய் பிளந்து செத்தது. 12 பேர் கைதானார்கள். மாடு கடித்தாலும் அதே கதிதான். இன்னொரு வாசல், மின்சாரக் கம்பி. 2022 செப்டம்பரில் நம் மாவட்டத்திலேயே, பெரியகுளம் பக்கம் கைலாசபட்டி மலையடிவாரத்தில், அன்றைய தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சொந்தமான தோட்டத்து வேலியில் ஒரு சிறுத்தை செத்துக் கிடந்தது. முதலில் கைதானவர் யார்? அங்கே கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர்! தோட்ட மேலாளர்கள் கைதானது பிறகு. விளைவது யாருக்கோ, விலங்கு மாட்டப்படுவது ஆட்டுக்காரனுக்கு. மின்வேலியைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023இல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. விதிக்கு உட்பட்ட வேலி தட்டிவிடும், கொல்லாது. கம்பத்துக் கரண்டை நேராகக் கொக்கி போட்டு இழுத்த கம்பி கொல்லும். பன்றியையும் கொல்லும், விடியலில் தண்ணீர் பாய்ச்ச வந்த பங்காளியையும் கொல்லும்.

2023 அக்டோபர் இறுதியில் கூடலூரை அடுத்த வண்ணாத்திப்பாறைக் காப்புக்காட்டில் வனத்துறையின் துப்பாக்கி வெடித்து ஓர் உயிர் போயிற்று. வேட்டைக்குக் கம்பி விரித்தார், தாக்க வந்தார், தற்காப்புக்குச் சுட நேர்ந்தது என்றது வனத்துறை. இல்லை என்றார்கள் உறவினர்கள். எது மெய் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றே. பன்றியைச் சுட ஆயிரம் முத்திரை கேட்கிற நாட்டில், மனிதன்மீது பாயும் குண்டுக்கு மட்டும் எந்த முத்திரையும் தேவைப்படவில்லையே, ஏன்?

கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2022இல் கேரள சர்க்கார் ஊராட்சித் தலைவர்களுக்கே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர் சுடலாம். வெடி, விஷம், கரண்டு மூன்றும் கூடாது. நம் பக்கத்தில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஆள் ஆகியோர் கொண்ட குழுவுக்கு மனு கொடுக்க வேண்டும். இல்லாததற்கு இது மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3 கிலோமீட்டர் கணக்கு தஞ்சாவூருக்குப் பொருந்தும். இரண்டு மலைக்கு நடுவே நாடா போலக் கிடக்கிற நம் பள்ளத்தாக்கில், கோம்பையிலும் தேவாரத்திலும் நாராயணத்தேவன்பட்டியிலும் மலையடிவாரப் புஞ்சை வைத்திருப்பவனுக்கு 3 கிலோமீட்டர் என்பது அவன் ஊரைத் தாண்டியும் போகும். பன்றி முதலில் தின்பது அந்தப் புஞ்சையைத்தான். தின்று முடித்து, ஊர் கடந்து, ஆற்றங்கரை நெல் வயலுக்கு வந்து சேர்ந்தால்தான் சர்க்காரின் குண்டு அதைத் தேடுமாம். அடிவாரத்தில் அளவு வேறு வேண்டும் என்று கேட்பது ஊராட்சிதோறும் தீர்மானமாக வரவேண்டிய கோரிக்கை. அதோடு, மனு போட்டால் எத்தனை நாளில் ஆள் வரும் என்பதற்கும் ஒரு கெடு வேண்டும். கடலை தொண்ணூறு நூறு நாள் பயிர். கோப்பு அதைவிட நீளமான பயிராக இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

நட்ட ஈட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டு விலங்கால் வருகிற பயிர்ச் சேதத்தைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரீப் பருவம் முதல் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. சேதம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குத்தகைக்காரன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாத ஊரில் அந்தத் தொகை யார் வீட்டுக்குப் போகும் என்பதைக் கிளைத் தோழர்கள் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. வாய்மொழிக் குத்தகையை எழுத்தில் வாங்குங்கள்.

லைசென்ஸ் கேட்டு மனுப் போட எண்ணுகிறவர்கள் சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மனு ஏ-1 படிவத்தில் கலெக்டருக்கு. எந்தச் சர்வே நம்பர், என்ன பயிர், எந்தத் தேதியில் என்ன சேதம் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கிச் சேருங்கள். உங்கள் நிலம் சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வந்தால், வனத்துறையின் இசைவைக் கேட்டு எழுதும்படி மனுவிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் கோப்பு அந்த ஒரு காரணத்தாலேயே கிடப்பில் போகும். அப்பன் காலத்து லைசென்ஸ் வீட்டில் இருக்கிறதென்றால் அதில் அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2020 ஜூன் 29க்குள் அந்த எண் பெறாத லைசென்ஸ் செல்லாது. செல்லாத லைசென்ஸோடு இருக்கிற துப்பாக்கி கள்ளத் துப்பாக்கியாகவே எண்ணப்படும். மனுக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இல்லை என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்ட முடியாமல் நாள் தவறினால் வழி அடைபடும். ஆகவே காகிதம் வந்த தேதியை அதன் முதுகிலேயே எழுதி வையுங்கள்.